வயலுக்குள்தான் இருக்கிறீர்கள்

வெடிப்புக்குள் சுண்டுவிரல் போயிற்று. நேற்று நகம்தான் போனது. அவள் விரலை எடுத்துக்கொண்டு, புல்லறுக்கும் அரிவாளின் பிடியை உள்ளே விட்டுப் பார்த்தாள். அதுவும் தாராளமாக இறங்கியது. இன்னும் கொஞ்சம் விட்டால் மண் அரிவாளையே வாங்கி வைத்துக்கொண்டு ரசீதுகூடத் தராது என்று தோன்றியதால் உருவிக்கொண்டாள்.

அப்போது வரப்பிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

“உங்கள் வயலில் நீர் தேவைக்கு அதிகமாக உள்ளது. தாமதிக்காமல் வடிக்கவும்.”

சளி பிடிக்காத, பசிக்காத, யார் மேலும் கோபமில்லாத ஒரு பெண்ணின் குரல். அவள் புருஷனின் சட்டைப்பையிலிருந்து வந்தது.

ஊரில் அவனுக்குச் சிக்னல் என்று பெயர். பெற்றவர்கள் வேறு ஏதோ வைத்தார்கள். அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. செல்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வைக்கோல்போர் மேலும் தண்ணீர்த் தொட்டி மேலும் ஏறி நின்றதில் வந்த பெயர் இது. ஒரு தடவை போர் உச்சியில் அவன் அசையாமல் நின்றபோது கொக்கு ஒன்று தோளில் வந்து உட்கார்ந்து, நிதானமாக இறகு கோதிவிட்டுப் போனது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம்.

சிக்னல் மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு கீழ்வரப்பு மடையைப் பார்த்து நடந்தான்.

“எங்க போறீங்க?”

“மடையை இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டலாம்னு.”

“எதுக்கு?”

“தண்ணி வடிய வேணாமா?”

“எந்தத் தண்ணி?”

அவன் வயலைப் பார்த்தான். தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

“அடியில நிக்குது. நம்ம கண்ணுக்குத் தெரியாது. மேலேருந்து பாக்கிற சாட்டிலைட்டுக்குத் தெரியும்.”

பயிர் பொதிப் பருவத்தில் நின்றது. தண்டை விரலால் நெருடினால் உள்ளே கதிர் உருளுவது தெரியும். இன்றோ நாளையோ தலை நீட்ட வேண்டும். இந்த நேரத்தில் காலடியில் தண்ணீர் நின்றால் நெல். நிற்காவிட்டாலும் கதிர் வரும்; வெள்ளைவெளேரென்று, நிமிர்ந்து, ரொம்ப மரியாதையாக வரும். உள்ளே காற்று இருக்கும்.

வாய்க்காலில் சொட்டு இல்லை. மேலே எங்கோ கரை உடைந்துபோய், அதை அடைக்கும்வரை மதகை இறக்கிவிட்டார்கள். எப்போது திறப்பீர்கள் என்று கேட்கப் போனால் மதகுக்காரர், “நான் சாவிதான் வச்சிருக்கேன், தண்ணி வச்சிருக்கலையே” என்றார். ஆழ்துளைக் குழாய் போட்டவர்களும் உண்டு. அந்த உப்புத் தண்ணீரைக் குடித்த காக்கை அதற்குப் பிறகு கரைந்ததே இல்லை. ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டும்.

அவள் எழுந்து போய் மடைவாயில் உட்கார்ந்தாள்.

“இப்ப வெட்டுங்க. என்னையும் சேர்த்து.”

“எந்திரி. வெயில்ல உக்காந்து வம்பு பண்ணாத.”

“அவ சொன்னா செய்றீங்க. நான் தொண்டை கிழியக் கத்துறேன், காதுல ஏறல.”

“அவ இவங்காத. அது மெசின்.”

“மெசினுக்கு எதுக்குங்க இவ்வளவு இனிப்பா ஒரு குரல்?”

அவன் சிரிக்கவில்லை. மண்வெட்டியை இறக்கி ஊன்றினான். “போன தடவையும் இப்படித்தான் சொன்ன. தண்ணியை வடிங்க, வேர் அழுகப் போவுதுன்னு அது படிச்சுப் படிச்சு சொல்லிச்சு. நீ வேணாம்ன. கேட்டேன். என்ன ஆச்சு?”

என்ன ஆயிற்று என்று இருவருக்கும் தெரியும். பிடுங்கிய தூரெல்லாம் கறுத்த வேரோடு வந்தது. அந்தப் பருவம் அவர்கள் வெளியில் அரிசி வாங்கிச் சாப்பிட்டார்கள். விவசாயி வீட்டில் கடை அரிசி வேகும்போது வருகிற மணம் வேறு மாதிரி இருக்கும். அடுப்பே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால்தான் இந்தத் தடவை அவன் மடையை உடைத்த அன்றைக்கும், மறுபடி மறுபடி ஆழப்படுத்தியபோதும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அந்தக் குரலுக்கு ஒரு வெற்றி கணக்கில் இருந்தது. அவளுக்கு இல்லை.

அவ்வளவு ஏன், ஒரு தடவை அந்த ஆப்பில் காட்ட இலையைப் படம் எடுக்கப் போய்த் தவறுதலாகத் தன் கால் கட்டைவிரலை எடுத்துவிட்டான். கருகல் நோய், ஆரம்ப நிலை என்று வந்தது. மருந்து தடவினான், விரல் ஆறிவிட்டது. இப்படிப்பட்ட ஒன்றை எப்படி நம்பாமல் இருப்பது?

“சரி. போன தடவை என் தப்புதான்” என்றாள் அவள். “இப்ப இந்த வெடிப்புல உங்க விரலை விட்டுப் பாத்துட்டு, அப்புறம் வெட்டுங்க.”

அவன் குனியவில்லை. குனிந்தால் தெரிந்துவிடும் என்ற பயம் அவன் முகத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் மடைவாயிலிருந்து எழுந்து கையை நீட்டினாள்.

“செல்லைக் குடுங்க. ஆப் போட்டுக் குடுத்துச்சே அந்தப் பொண்ணு, அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்.”

ஆப் பொண்ணு என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்தப் பெண், அலுவலகத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து வீடு வீடாகச் செல்லில் அதை ஏற்றிவிட்டுப் போனவள். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“சொல்லுங்கக்கா.”

“வயல் வெடிச்சுக் கிடக்கும்மா. உன் ஆளு தண்ணி அதிகம்ங்கிறா.”

“அப்படிச் சொல்ல வாய்ப்பில்லையேக்கா. எந்தப் பருவத்துல இருக்கு?”

“பொதி.”

“அக்கா, லைனைக் கட் பண்ணாம ஆப்புல மேப்பைத் திறங்க. பச்சைக் கோடு தெரியுதா? அதான் உங்க வயல். நீலப் புள்ளிதான் நீங்க. அப்படியே ஓரமா நடங்க. கோட்டைத் தாண்டினா வெளியே வந்துட்டீங்கன்னு சொல்லும்.”

அவள் செல்லை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மேல்வரப்பு வந்தது. புள்ளி உள்ளேயே இருந்தது. வரப்பைத் தாண்டி ஒற்றையடிப் பாதையில் இறங்கினாள். உள்ளேயே இருந்தது. பின்னால் வந்த சிக்னல், “போதும், வெயில் ஏறுது, திரும்பு” என்றான். அவள் திரும்பவில்லை. வேலிக்கருவைப் புதர் வந்தது, மண்ரோடு வந்தது, ரோட்டில் போன சைக்கிள்காரன் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தான். நீலப் புள்ளி வீட்டுக்கூடத்தில் உலாத்துவதுபோல் பச்சைக் கோட்டுக்குள் உலாத்திக்கொண்டிருந்தது.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் குட்டை. கரையில் ஒருத்தி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஓர் எருமை, மூக்கும் கொம்பும் மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தது. அவர்கள் வீட்டு எருமைதான்.

“உள்ள இறங்காத” என்றான் சிக்னல். குரல் மாறியிருந்தது.

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு. செல்லைத் தலைக்கு மேல் பிடித்தாள்.

“என்னம்மா, நாத்து நட வந்தியா?” என்று கேட்டாள் துவைக்கிறவள்.

“நீங்கள் உங்கள் வயலுக்குள்தான் இருக்கிறீர்கள்” என்றது செல். “உங்கள் வயலில் நீர் தேவைக்கு அதிகமாக உள்ளது.”

மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கரையில் நின்று தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சொல்லுங்க.”

“அன்னிக்கு முழங்கால் வீங்கியிருந்துச்சு.”

“எப்ப?”

“எல்லை எடுக்கணும், செல்லை வச்சிக்கிட்டு வயலை ஒரு சுத்து நடந்து வாங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டுப் போன அன்னிக்கு. நடுவுல உக்காந்தா மறுபடி முதல்லேருந்து நடக்கணும்னு வேற சொல்லிச்சு.”

“சரி.”

“இது தினமும் அந்த வரப்பைத்தான சுத்துது. உக்காராமலும் நடக்கும்.”

“எது?”

அவன் எருமையைப் பார்த்தான். எருமை கண்ணைத் திறந்து வேறு பக்கம் பார்த்தது.

“செல்லைத் துண்டுல சுத்தி இது கழுத்துல கட்டிவிட்டேன். நான் அந்த மரத்தடியில கொஞ்சம் படுத்திருந்தேன். முழிச்சுப் பாத்தா இது மறுபடி வயல்ல நிக்குது, செல்லு எல்லை பதிவானது நன்றிங்குது. நடுவுல இங்க வந்து ஊறிட்டுப் போயிருக்கும்போல.”

“செல்லு நனையலையா?”

“பாலிதீன் பைக்குள்ள போட்டிருந்தேன். அதுல எல்லாம் கவனமாத்தான் இருந்தேன்.”

“நிலத்தோட அளவை அதிகமா காட்டியிருக்குமே. அப்பக்கூட சந்தேகம் வரலையா?”

“சந்தோஷம்தான் வந்துச்சு” என்றான் சிக்னல்.

செல்லுக்குள்ளிருந்து ஆப் பொண்ணு கூப்பிட்டாள். சிரிப்பை அடக்கி அடக்கி அவளுக்கு விக்கல் எடுத்திருந்தது. “அக்கா, எருமை போட்ட எல்லையை நான் அழிச்சிடுறேன். நாளைக்கு நானே வந்து நடக்கிறேன். இப்ப எப்பாடுபட்டாவது தண்ணி கட்டுங்க. பொதியில காய விட்டா திரும்பாதுக்கா.”

சிரிப்புக்கு அப்புறம் வந்த கடைசி வார்த்தைகளில் சிரிப்பு இல்லை.

சுற்றிலும் தண்ணீர் இருக்க, தண்ணீர் எங்கே என்று யோசித்தாள். குட்டையைத் தொட முடியாது. வாய்க்கால் அடைத்த நாளிலிருந்து ஊர் மாடுகளுக்கெல்லாம் அது ஒன்றுதான். அதில் எஞ்சினை இறக்கினால் ஊர் அவர்களையும் எஞ்சினோடு சேர்த்து இறக்கிவிடும்.

“நம்ம வயல்லேருந்து வடிஞ்சதெல்லாம் எங்க போச்சு?”

இருவரும் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் வயலுக்குக் கீழ்ப்புறம் ஒரு வயல் கண்ணாடிபோல் மின்னிக்கொண்டிருந்தது. இத்தனை வறட்சியில் அந்த ஒரு வயலில்தான் தவளை கத்தியது. மற்ற வயல்களின் தவளைகள் குட்டிகளோடு வரப்பு ஏறி அங்கே குடிபோனதை அவளே பார்த்திருக்கிறாள்.

அது வக்கீலின் வயல். வக்கீல் சிக்னலின் தங்கை புருஷர். சட்டம் படித்தவரில்லை. ஒரு தடவை சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போய், நீதிபதியையே குறுக்குக் கேள்வி கேட்டுவிட்டு வந்தவர். மேலிருந்து தண்ணீர் பாய்ந்து வந்து தன் களைக்கொல்லியை அடித்துக்கொண்டு போன அன்று வரப்பில் நின்று சத்தம் போட்டார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. வாய்க்கால் அடைபட்டதும் சத்தத்தை நிறுத்திவிட்டுத் தன் கீழ்மடையை உயர்த்தி, வந்த தண்ணீரையெல்லாம் கட்டிக்கொண்டார்.

“நான் வரல” என்றான் சிக்னல்.

“வர வேணாம். மேல்மூலையில இலை எவ்வளவு பழுத்திருக்குன்னு பாருங்க.”

எஞ்சின் கொட்டகை வாசலில் வக்கீல் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் பெண்டாட்டி கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஈரச் சேலையும் தோளில் பாசியுமாக வந்து நின்றவளை வக்கீல் மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன தங்கச்சி, உங்க பக்கம் மழையா?”

“தண்ணி வேணும்ணே.”

“எந்தத் தண்ணி?”

“எங்க தண்ணி. உங்க வயல்ல நிக்கிறது.”

வக்கீல் டம்ளரைக் கீழே வைத்தார். வழக்கு வந்துவிட்ட சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. “உங்க தண்ணின்னு அதுல பேர் எழுதியிருக்கா? உன் கூரையில பெஞ்ச மழை என் வாசல்ல விழுந்தா அது யார் மழை?”

“உன் தண்ணியை உன் வயல்லயே வச்சுக்கன்னு வரப்புல நின்னு சொன்னது யாருண்ணே?”

“அது அன்னிக்கு.”

“இன்னிக்குக் கேட்டுக்கிட்டோம். வச்சுக்கிறோம், குடுங்க.”

வெங்காயம் உரித்தவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். வக்கீல் திரும்பிப் பார்த்ததும் வெங்காயத்துக்கு அழுவதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சிரிப்பெல்லாம் இருக்கட்டும்” என்றார் வக்கீல். “நேத்துதான் அதுல யூரியா போட்டேன். இப்ப நீ இறைச்சா தண்ணியோட என் யூரியாவும் ஏறும். உன் பயிர் கருகருன்னு நிக்கும், என் பயிர் வாயைப் பாத்துக்கிட்டு நிக்கும்.”

“எங்க வீட்டுல ஒரு மூட்டை பிரிக்காம கிடக்கு. நீர் அதிகம் உள்ளதால் உரம் வேண்டாம்னு அவ சொன்னா. நீங்க எடுத்துக்குங்க.”

“எவ?”

“அவதான். செல்லுக்குள்ள இருக்கிறவ.”

“எனக்கும் பயிர் இருக்கு தங்கச்சி.” வக்கீலின் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. “உனக்கு இன்னிக்குப் பொதி. எனக்கு அடுத்த வாரம். மதகு எப்பத் திறக்கும்னு மதகுக்காரனுக்கே தெரியாது. குடுத்துட்டு நான் எங்க போய் நிக்கிறது?”

அவர் சொன்னதில் பொய் இல்லை; அதுதான் கஷ்டம். தலைக்கு நேரே வெயில் நின்றது. மேலே தன் வயலில் பயிர் இலையைச் சுருட்டிக்கொண்டு ஊசி ஊசியாக நிற்பது இங்கிருந்தே தெரிந்தது.

“பாதி குடுங்கண்ணே. முழுசா கேக்கல.”

“அண்ணி கேக்குறாங்கல்ல” என்றாள் நாத்தனார், வெங்காயத்தைப் பார்த்தபடி.

“உங்க அண்ணன் எங்க? வடிச்சது அவரு. கேக்கிறதும் அவரே வந்து கேக்கட்டும்.”

அவள் திரும்பினாள். சிக்னல் மேல்மூலைக்குப் போகவில்லை, வரப்பில்தான் நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். மெதுவாக இறங்கி வந்தான்.

“மாப்பிள்ளே.”

“சொல்லுங்க மச்சான். என்ன நடந்துச்சு, எதுக்கு வடிச்சீங்க?”

சிக்னல் சொன்னான். முழங்காலில் ஆரம்பித்து, துண்டு, எருமை, குட்டைவரை சொன்னான். வக்கீல் ஒரு வார்த்தைக்கும் சிரிக்கவில்லை. முடித்ததும், “மறுபடி முதல்லேருந்து” என்றார். மறுபடியும் சொன்னான்.

“எருமை எந்தப் பக்கமா இறங்குச்சு?”

“தெரியாது மாப்பிள்ளே. நான் தூங்கிட்டேன்.”

“அது தானா போச்சா, யாராவது ஓட்டினாங்களா? பாத்த சாட்சி உண்டா?”

“அண்ணே” என்றாள் அவள். “எஞ்சினைப் போட்டுட்டு விசாரிங்க. எருமை எங்கயும் ஓடிடாது. பயிரு போயிடும்.”

வக்கீல் டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு எழுந்து, வேலியில் ஒரு குச்சியை முறித்துக்கொண்டு தன் வயலில் இறங்கினார். மடையோரம் அதை நட்டு, தண்ணீரில் பாதி ஆழத்துக்கு அரிவாளால் ஒரு கோடு கீறினார்.

“தண்ணி இந்தக் கோட்டுக்கு இறங்கினதும் எஞ்சின் நிக்கும். அதுக்கப்புறம் யாரும் ஒரு சொட்டு கேக்கக் கூடாது. சம்மதமா?”

“சம்மதம்ணே.”

“குச்சியை யாரும் தொடக் கூடாது.”

எஞ்சின் இருமி, காறி, கரும்புகையைத் துப்பிவிட்டு ஓட ஆரம்பித்தது. குழாய் மேல்வயலில் வாய் வைத்தது.

முதலில் வந்த தண்ணீர் நடக்கவே இல்லை. விழுந்த இடத்திலேயே காணாமல் போயிற்று. வெடிப்புகள் மடமடவென்று குடித்தன. காது கொடுத்தால் தொண்டை அடைத்து விக்குவதுகூடக் கேட்டது. உள்ளே குடியிருந்த பூச்சிகளெல்லாம் சாமான்களைத் தூக்கிக்கொண்டு தண்டுகளில் ஏறின. அவள் சேற்றை அள்ளி அள்ளிப் பெரிய வெடிப்புகளின் வாயை அடைத்துக்கொண்டே போனாள். கை இரண்டும் மரத்துப்போயின. சிக்னல் எதிர்ப்பக்கத்தில் மண்வெட்டியோடு வரப்பில் எலிவளைகளைத் தேடித் தேடி மிதித்தான். ஒரு முறைகூடச் சட்டைப்பையைத் தொடவில்லை.

வெகுநேரம் கழித்துத்தான் மண் போதும் என்றது. அப்புறம் தண்ணீர் ஒரு நாக்கை நீட்டி, தூர்களுக்கு நடுவே தடவித் தடவி முன்னே போனது. அது தொட்ட இடத்தில் மண் கறுத்தது. அவள் அதன் கூடவே குனிந்தபடி நடந்தாள். ஒரு பாத்தி, அடுத்த பாத்தி. சமையலுக்குப் போன நாத்தனார் தூக்கில் சோறு கொண்டுவந்து வரப்பில் வைத்தாள். யாரும் தொடவில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது பாதிக்கு மேல் நனைந்திருந்தது. மேல்மூலைதான் மேடு. அங்கே இன்னும் சாம்பல் நிறமாக மண் பிளந்து கிடந்தது. கதிர் முந்தி வருவதும் அங்கேதான். அவள் நிமிர்ந்து கீழ்வயலைப் பார்த்தாள். குச்சியில் ஈரம் காய்ந்த இடம் நீண்டுவிட்டது. கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு விரல்கூட இல்லை.

“மேல்மூலைக்கு ஏறலையே” என்று அங்கிருந்து கத்தினான் சிக்னல்.

அவள் கையைக் காட்டி அவனை அடக்கினாள். சம்மதம் என்று சொன்னது அவள் வாய்தான். நாத்தனார் எஞ்சின் பக்கத்தில் நின்றிருந்தாள். கை நிறுத்துகிற பிடியின் மேல் இருந்தது.

“கோடு வந்துடுச்சு போலிருக்கே” என்று தன் புருஷரிடம் கேட்டாள் நாத்தனார். “நிறுத்தவா?”

வக்கீல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார். குச்சிக்கு முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, ஆவணம் படிப்பதுபோல் அதை உற்றுப் பார்த்தார். தண்ணீர் கோட்டை நக்கிக்கொண்டிருந்தது. ஒரு தடவை தன் பயிரைத் திரும்பிப் பார்த்தார். ஒரு தடவை அண்ணாந்து மேல்மூலையைப் பார்த்தார். அவள் எதுவும் கேட்கவில்லை.

பிறகு அவர் எழுந்தார். எழும்போது, முழங்காலில் எந்த நோயும் இல்லாத அந்த மனுஷர், கிழவரைப்போல முனகிக்கொண்டு குச்சியின் தலையில் உள்ளங்கையை ஊன்றினார். முழு பாரத்தையும் போட்டு ஊன்றினார். குச்சி சேற்றுக்குள் ஒரு சாண் இறங்கியது. கோடு தண்ணீருக்குள் போயிற்று.

மூன்று பேரும் பார்த்தார்கள்.

வக்கீல் கைச்சேற்றை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மறுபடி குனிந்து குச்சியைப் பார்த்தார்.

“கோடு இன்னும் வரல” என்றார். “ஓடட்டும்.”